அடிபம்பின் கர்த்தா

1

நண்பர் ஒருவர், கவிஞர், சென்ற ஆண்டு ஏறக்குறைய ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்தார். அவர் கவிதையொன்றின் நான்கு வரிகள், அவர் பெயரில்லாமல், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் அச்சாகிவிட்டன. அச்சகம் எது என்று விசாரித்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் யார் என்று விசாரித்தார். வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் யோசனை போயிற்று. தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "முந்நூறு பேர் பார்க்கிற பத்திரிகையில் வந்த வரி ஆயிரம் வீட்டுக்குப் போயிருக்கிறது. சந்தோஷப்படுங்களேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பெயரை எடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன? தெருவில் கிடக்கிற கல்லா, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போக?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் ஏரியைத் தாண்டி இருக்கிறது என் வீடு. திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் நிற்கும் அடிபம்பு கண்ணில் பட்டது. சிமெண்டு மேடையில் ஊன்றிய மூன்று கால்கள், அதன்மேல் ஒரு தொட்டி, தொட்டிக்கு மேல் ஒரு பெட்டி. கைப்பிடி இல்லை. நாற்பது வருஷமாக இந்தப் பக்கம் போய்வருகிறேன். அதில் இருபது வருஷம் அதன் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். இதை யோசித்தவன் யார் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. நண்பரின் நான்கு வரிகளைப்போல இதுவும் பெயரில்லாமல் பல்லாயிரம் ஊர்களுக்குப் போயிருக்கிறது. யாரும் நோட்டீஸ் விடவில்லை. ஏன் என்று யோசிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

2

அடிபம்புக்கு ஒரு உத்தியோகபூர்வமான பெயர் உண்டு: இந்தியா மார்க் 2. அதன் கதை வறட்சியில் தொடங்குகிறது. 1966-67ல் பீஹாரில் மழை பொய்த்தபோது, கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கிணறு வெட்ட முடியாத இடங்களிலெல்லாம் குழாய்க் கிணறு போட முடிந்தது. ஆனால் துளையின் தலையில் மாட்டிய பம்புகள், மேல்நாட்டுப் பண்ணைவீடுகளில் ஒரு குடும்பம் உபயோகித்த வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். இங்கே ஒரு பம்புக்கு ஒரு கிராமம். விடிவதற்கு முன் தொடங்கி இருட்டும் வரை அடித்தால் எந்த வார்ப்பிரும்பு தாங்கும்? 1970களின் நடுவில் அவற்றில் பெரும்பாலானவை செத்து நின்றன. துளை போட்ட செலவு அத்தனையும் மண்ணுக்குள் போயிற்று.

இதற்கு மாற்று, பெரிய ஆராய்ச்சிசாலை எதிலிருந்தும் வரவில்லை. மஹாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் பிறகு ஷோலாப்பூரிலும், கிணறு பழுது பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர்கள் வார்ப்பிரும்பை விட்டு எஃகுத் தகட்டைப் பற்றவைத்தார்கள். பல இடங்களில் ஆணியடித்து ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை ஒரே அச்சில் நிறுத்தினார்கள். ஷோலாப்பூர் பம்பைச் செய்தவர் ஸ்வீடனிலிருந்து வந்தவர் என்கிறது ஒரு வரலாறு. தானே தொழில் கற்ற இந்திய மெக்கானிக் என்கிறது இன்னொன்று. இரண்டு வரலாறுகளும் பக்கத்துப் பக்கத்தில் நடமாடுகின்றன, யாரும் சண்டை போடவில்லை. நம் உலகத்தில் ஒரு ஹைக்கூவுக்கு இப்படி நேர்ந்திருந்தால் நான்கு இதழ்கள் தொடங்கப்பட்டு மூன்று நின்றுபோயிருக்கும்.

யுனிசெஃபும் இந்திய அரசும் அந்தப் பம்பை எடுத்துத் திருத்தின. சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற அரசுத் தொழிற்சாலை அதை உற்பத்திக்கு ஏற்றபடி செய்தது. பரீட்சை கோயமுத்தூர் மாவட்டத்தில் நடந்தது. அங்கே தண்ணீர் ஆழம், ஆழமான இடத்தில் தாங்கினால் எங்கும் தாங்கும். கைப்பிடி வளைவாகப் போய்வருகிறது, ஆனால் உள்ளே இறங்கும் கம்பி நேராகத்தான் மேலேற வேண்டும். பழைய பம்புகளில் இந்த இரண்டும் ஆணியால் பிணைக்கப்பட்டுக் கம்பி பக்கவாட்டில் தள்ளப்பட்டுத் தேய்ந்தது. புதியதில் கைப்பிடியின் முனையில் ஒரு வட்டத்துண்டு, அதன்மேல் சைக்கிள் செயினைப்போல ஒரு சங்கிலி, சங்கிலியில் தொங்கும் கம்பி. கை எப்படி ஆடினாலும் கம்பி செங்குத்தாகவே ஏறும். கைப்பிடி கனமான இரும்புத்தண்டு. நூறு அடி ஆழத்துக்கு இறங்கும் கம்பியின் பாரத்தை அந்தக் கனம் சமன் செய்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடம் போகிற பெண்குழந்தைகூடத் தொங்கித் தொங்கி ஒரு குடம் நிரப்பிவிட முடிந்தது.

1979ல் இந்தியத் தரநிர்ணய ஸ்தாபனம் இதன் அளவுகளை ஐ.எஸ். 9301 என்ற எண்ணில் வெளியிட்டது. பேடண்ட் யாரும் வாங்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் போகக்கூடாது. எந்தப் பட்டறையும் செய்யலாம். ஒரு பட்டறையின் சங்கிலி இன்னொரு பட்டறையின் பம்பில் பொருந்த வேண்டும். 1990களின் நடுவுக்குள் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 50 லட்சம் பம்புகள் செய்யப்பட்டுவிட்டன. உகாண்டாவில் அதற்கு யு-2 என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

3

இதே காலத்தில், 1980ஐ ஒட்டி, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் ஒரு ஜீராக்ஸ் அச்சுப்பொறியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காகிதம் சிக்கிக்கொண்டால் சிக்கியது என்று எல்லோருக்கும் தகவல் சொல்ல வைக்க வேண்டும். அதற்கு அந்த இயந்திரத்தின் புரோகிராமைத் திருத்த வேண்டும். மூலத்தைக் காட்ட மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பின் கோபத்தில் தொடங்கியதுதான் 1983ல் அவர் அறிவித்த குனு இயக்கம். 'ஓப்பன் ஸோர்ஸ்', திறந்த மூலம், என்ற பெயர் 1998ல் வந்தது. பிறகு அது கம்ப்யூட்டர் எழுத்திலிருந்து திரும்பவும் பொருளுக்கே வந்தது. 2005ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் அர்டுயினோ என்ற சிறு மின்பலகையைச் செய்தவர்கள் அதன் வரைபடத்தை யாரும் பார்க்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம் என்று விட்டார்கள். நம் ரிச்சி தெருவில் அதன் நகல்களை மலிவாக வாங்கலாம். நகலெடுப்பது திருட்டில்லை. ஆனால் நகலின்மேல் 'அர்டுயினோ' என்று போட்டு விற்றால் அது தவறு. பலகை பொது, பெயர் பொதுவல்ல.

இந்த இடத்தில்தான் என் சிந்தனை தடுக்கி நின்றது. பெயர் என்பது ஒன்றல்ல, இரண்டு.

கோவில் மண்டபத்து டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று எழுதியிருக்கும் பெயர் ஒரு ஜாதி. அது புகழுக்கு. எங்கள் தெருப் பம்பின் தலைப்பெட்டியில் துருவுக்கடியில் தெரியும் எழுத்துகள் வேறு ஜாதி. செய்த பட்டறையின் பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை. யாரும் அதைப் படித்து அந்தப் பட்டறையை வாழ்த்துவதில்லை. அச்சு உடைந்தால், துத்தநாகப் பூச்சு மெல்லிசாக இருந்து குழாய் துருப்பிடித்தால், யாரைக் கேட்பது என்பதற்காக அது அங்கே இருக்கிறது. பழிக்கான பெயர்.

கர்த்தா என்று நாம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். பாராட்டைப் பெறும் உரிமை ஒன்று, பதில் சொல்லும் கடமை மற்றொன்று. இந்தியா மார்க் 2ல் நடந்தது விசித்திரமானது. முதலாவதை முழுக்கக் கைவிட்டார்கள். இரண்டாவதைக் கைவிடவில்லை, இன்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுகோல், அச்சுக்கட்டை. தொழிற்சாலையை விட்டுப் போகுமுன் சோதித்துப் பார்க்க, வாங்குகிறவருமல்லாத விற்கிறவருமல்லாத மூன்றாவது ஆய்வாளர். பொது வரைபடம் என்பதற்காக அவரவர் இஷ்டத்துக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ செய்ய முடியாது. யாரும் செய்யலாம் என்ற சுதந்திரமே யாரும் அளவை மீறக்கூடாது என்ற கட்டுப்பாட்டின்மேல் நின்றது. ஒரு பட்டறை மீறினால் மற்ற பட்டறைகளின் பம்பும் கெடும்.

கம்ப்யூட்டர் உலகத்தின் திறந்த உரிமங்களை எடுத்துப் படித்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. மிகத் தாராளமானது என்று சொல்லப்படும் பி.எஸ்.டி. உரிமம் அரைப்பக்கம்தான். முதலில், என் பெயரை நீக்காதே என்கிறது. முடிவில், பெரிய எழுத்தில், இது உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, இதனால் எது நேர்ந்தாலும் நான் பொறுப்பல்ல என்கிறது. அதாவது முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைகழுவுகிறது. இலவசமாகக் கொடுப்பவனை வழக்குக்கு இழுக்கக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எழுத்து தவறினால் எழுத்தைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். நூறு அடி ஆழத்தில் அறுந்து விழுந்த கம்பியை அப்படி அனுப்ப முடியாது. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி ஒரு அடிபம்பைத் தெருவில் நட முடியுமா?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புகழ் வரும்போது நாம் கர்த்தாக்கள். கண்டனம் வரும்போது, பிரதி தனித்து நிற்கிறது, ஆசிரியன் செத்துப்போனான் என்று ரொலான் பார்த் 1967ல் எழுதியதைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். பி.எஸ்.டி. உரிமத்தை நாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

'நம் மரபில் சிற்பி பெயர் போட்டதில்லை, நாட்டுப்பாடலுக்கு ஆசிரியன் இல்லை, ஆகவே திறந்த மூலம் நமக்குப் புதிதல்ல' என்று ஒரு குரல் இப்போது எழும். எனக்கு இதில் உடன்பாடில்லை. கல்வெட்டுகளைப் பாருங்கள், கொடுத்தவன் பெயர் நெடுக இருக்கிறது, கொத்தியவன் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அது தியாகமல்ல, அதிகாரம். சித்த வைத்தியச் சுவடிகளில் மருந்தைச் சொல்கிறார்கள், ஆனால் பரிபாஷையில், குருவிடம் வந்தவனுக்குத்தான் பொருள் விளங்கும். எழுதியும் பூட்டிவைத்தார்கள். பெயரின்மை வேறு, திறந்திருத்தல் வேறு. இரண்டையும் குழப்பிப் பெருமை கொள்வதற்கு எதுவும் இல்லை.

4

எங்கள் தெருவிலிருந்து பத்து மைலுக்குள் ஒரு திறந்த மூலம் உண்டு. கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் 2014ல் 'சக்தி' என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் செயலியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பெர்க்லியில் 2010ல் உருவான ரிஸ்க்-5 என்ற திறந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தாங்கள் கட்டியதையும் திறந்தே வைத்தார்கள். உரிமம் அதே பி.எஸ்.டி.தான். யாரும் படிக்கலாம். ஒரு நாடு தன் அணு உலையையோ ராக்கெட்டையோ ஓட்டும் செயலிக்குள் யாராவது எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றால், படிக்கக் கிடைக்க வேண்டும். படிக்க முடியாததற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. இந்த அளவில் 'சக்தி' அடிபம்பின் தங்கைதான்.

ஆனால் படிப்பது வேறு, செய்வது வேறு. 2018ல் முதல் சில்லுகள் வந்தன, அமெரிக்காவில் ஓரிகானில் இன்டெல்லின் தொழிற்சாலையிலிருந்து. அதே ஆண்டில் இன்னொன்றைச் சண்டிகரில் அரசின் தொழிற்சாலையில் செய்தார்கள், 180 நானோமீட்டர் நுட்பத்தில். தலைமுடியின் பருமனில் சில நூறில் ஒரு பங்கு. 2025ல் இஸ்ரோவுடன் சேர்ந்து 'ஐரிஸ்' என்ற சில்லை அறிவித்தார்கள். அதுவும் சண்டிகரில் வார்த்ததே. மூலத்தை நான் இன்றிரவே என் வீட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? ஐ.எஸ். 9301ஐ வாங்கிய பட்டறைக்காரனிடம் கடைசல் இயந்திரமும் வெல்டிங் செட்டும் இருந்தன, துத்தநாகம் பூசும் தொட்டிக்கு வழி தெரிந்திருந்தது. வரைபடத்துக்கும் கைக்கும் நடுவில் இருந்த தூரம் கடக்கக்கூடியதாக இருந்தது. எழுத்தை நகலெடுக்கச் செலவில்லை. இரும்பை நகலெடுக்க இரும்பு வேண்டும், சில்லை நகலெடுக்கப் பல்லாயிரம் கோடி வேண்டும். திறந்திருக்கிறது என்று சொல்லும்போதே யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது 1984ல். எங்கள் தெருவிலிருந்து பல பெண்கள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு போர்டு வரும் அங்கிள், மூணு பார்ட் வெப்பேன், தள்ளிடுவேன்" என்றாள். அந்தப் பலகை எதற்கு? "அது தெரியாது." ஏழு வருஷம் வைத்திருக்கிறாள். மூன்று பாகம் அவளுக்குத் திறந்திருந்தது. மிச்சம் திறந்த உரிமத்தில் இருந்திருந்தாலும் அவளுக்கு அது மூடியதே.

5

அடிபம்பைக் குறையில்லாததாக நான் வரைந்துவிடக்கூடாது. யாருக்குத் திறந்தது என்ற கேள்வி அதையும் விடவில்லை.

பம்பின் உயிர் மேலே இல்லை, கீழே சிலிண்டருக்குள் ஒரு தோல் வாஷரில் இருக்கிறது. அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. வாஷரின் விலை சொற்பம். ஆனால் மார்க் 2ல் அதை மாற்ற, நூறு அடிக்கு இறங்கியிருக்கும் இரும்புக் குழாய் முழுவதையும், பத்தடிக்கு ஒன்றாக, கழற்றிக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அதற்குத் தனியான பிடிகள், தூக்கும் கருவி, நாலைந்து ஆள், ஒரு வண்டி. வரைபடம் ஆயிரம் பட்டறைகளுக்குத் திறந்திருந்தது. குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு அது பூட்டு. அவள் அடிக்கலாம், உள்ளே பார்க்க முடியாது.

இதைக் கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். 1980களில், மறுபடியும் கோயமுத்தூரில், மார்க் 3 என்று ஒன்றைப் பரீட்சித்தார்கள். மாற்றம் ஒரு மூளைச்சாலியின் மின்னலல்ல, குழாயை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். ஒன்றேகால் அங்குலத்துக்குப் பதில் இரண்டரை அங்குலம். அகலமான குழாய்க்குள்ளேயே பிஸ்டனை மேலே இழுத்துவிடலாம், குழாயைக் கழற்ற வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990களில் கிராமத்துப் பெண்கள் பம்பு மெக்கானிக்காகப் பயிற்சி பெற்று, தாங்களே பழுது பார்த்தார்கள். ஒரு பொருளின் மூலம் திறக்கப்படுவது அளவுகள் அச்சான நாளிலா, அதை உபயோகிப்பவள் கழற்றி மாட்ட முடிந்த நாளிலா? இரண்டாவது நாளை நாம் எங்கும் குறித்து வைப்பதில்லை.

மார்க் 2 இருந்த இடங்களில் அந்தக் குறையை மனிதர்களைக் கொண்டு நிரப்பினார்கள். தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை என்று ஒன்று இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு வண்டியும் குழுவும், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், பம்பு இருக்கும் இடத்திலேயே ஒரு காப்பாளர். காப்பாளருக்குச் சம்பளம் கிடையாது. போல்ட்டை முடுக்க வேண்டும், சங்கிலிக்குக் கிரீஸ் போட வேண்டும், தன்னால் முடியாவிட்டால் கார்டு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

6

எங்கள் தெருவுக்குப் பம்பு 1984ல் வந்தது. அப்போது இது பாதி கிராமம். காப்பாளர் என்று யாரும் நியமித்தார்களா தெரியாது, இட்லிக்கடை அக்காதான் காப்பாளர். ஸ்பானரும் கிரீஸ் டப்பாவும் அவர் மாவுப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். ஆகவே என்னிடம் வருவார். "சார், ஒரு கார்டு எழுதிக் குடுங்க. கம்பி கீழ மோதுதுன்னு எழுதுங்க. டக்கு டக்குனு சத்தம் வருதுன்னு போடுங்க." எழுதிக் கொடுப்பேன். அவர் கீழே நிதானமாகத் தன் பெயரைப் போடுவார். நான்கைந்து நாளில் மெக்கானிக் வருவார். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி முப்பது கார்டு எழுதியிருப்பேன். நான் எழுதி ஏதாவது காரியம் நடந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த முப்பது மட்டும்தான். அவற்றில் ஒன்றிலும் என் பெயர் கிடையாது.

1996ல் நான் வீட்டில் போர் போட்டேன். 180 அடி, மோட்டார். அனுமதிக்க வேண்டியவர் யாரும் தடுக்கவில்லை. தன் நிலத்துக்கடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலக்காரனுக்கு உரிமையுண்டு என்று 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. எனக்குப் பிறகு பக்கத்து வீடு 200 அடி, எதிர்வீடு 250. இந்தப் பக்கமெல்லாம் கருங்கல் பூமி. பல்லாவரத்துக் கல்லுக்கு சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற வெள்ளைக்காரனின் கல்லறை அந்தக் கல்லில் இருந்ததால் வைத்தது. பாறைக்குக்கூடப் பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பாறையின் வெடிப்புகளில் தேங்குகிற தண்ணீர்தான் எங்கள் எல்லோருக்கும். ஒருவன் ஆழமாகப் போனால் மற்றவனுக்கு இறங்கும்.

அக்கா முதலில் வாஷர் போயிற்று என்று நினைத்தார். கார்டு எழுதினேன். மெக்கானிக் வந்து மாற்றிவிட்டுப் போனார். அடுத்த கோடையில் மறுபடி. 2003-04ன் வறட்சிக்குப் பிறகு பம்பு வருஷத்தில் பாதி நாள் அடித்தால் காற்றுதான். பிறகு ஒருநாள் கைப்பிடி காணாமல்போயிற்று. அக்கா என் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். அந்தத் 'தாராளமாக'வை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. அவருடையதைத்தான் அவருக்கு உபயம் செய்துகொண்டிருந்தேன்.

2019 ஜூனில் என் போர் இருமத் தொடங்கியது. தெரு முழுவதும் லாரிக்காகக் காத்து நின்றது. அப்போது யாரோ பழைய பம்பை உயிர்ப்பித்துப் பார்க்கலாமே என்றார்கள். பணம் சேர்த்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். சின்ன வயசுக்காரர், இந்தப் பம்பு நட்டபோது பிறந்திருக்கமாட்டார். கைப்பிடி, சங்கிலி, பேரிங், வாஷர், எல்லாம் வேறெந்தப் பட்டறையிலோ சமீபத்தில் செய்தவை. தலைப்பெட்டியைத் திறந்தார். மாட்டினார். எல்லாம் பொருந்தியது. முப்பத்தைந்து வருஷத்துப் பம்பில், அதைச் செய்த பட்டறையைக் கேள்விப்பட்டேயிராத ஒருவனின் சங்கிலி, ராவாமல் தட்டாமல், போய் உட்கார்ந்தது. ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை இவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

அடித்தார். நூறுக்கு மேல் எண்ணினேன். காற்றுகூட ஈரமாக வரவில்லை.

கார்டு எழுதச் சொல்லி அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் விலாசம் என்று என் வீட்டு விலாசத்தையும் என்னைப்போன்ற நாற்பது வீட்டு விலாசத்தையும்தான் எழுதியிருக்க வேண்டும். என் போரின்மேல் என் பெயர் எங்கும் இல்லை. புகழுக்காகவும் இல்லை, பழிக்காகவும் இல்லை.

அக்காவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. புதுக் கைப்பிடியை ஒருமுறை மேலே தூக்கிக் கீழே விட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் இறங்கியது.

"பம்பு நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். லாரியின் ஹாரன் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.